வெந்ததும் வேகாததும்

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை என் பெரியப்பா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அதற்குக் காரணம் நானே.

பெரியப்பா நாற்பது ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்தவர். கரோல்பாகில் சிறியதொரு சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய கல்லீரலில் 2.5 செ.மீ. அளவுள்ள புற்றுக் கட்டி ஒன்று இருப்பதைக் கண்ட மருத்துவர்கள், வயிற்றின் மேற்புறத்தில் ஊசி ஒன்றைச் செலுத்தி, அக்கட்டியை இருந்த இடத்திலேயே சுட்டார்கள். ஒரு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்பட்டது. படத்தின் அறிக்கை அன்று மாலையே கைக்கு வந்துவிட்டது. மருத்துவரைக் காண்பதோ மறுநாள்தான்.

"நீதான் எம்.எஸ்ஸி. படிக்கிறியேப்பா! இதிலே என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லு" என்று பெரியம்மா தாளை என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். முன்பு 2.5 செ.மீ. என்றிருந்த இடத்தில் இப்பொழுது 4.5 செ.மீ. என்றிருந்தது. மற்றச் சொற்களை நான் சரியாகப் படிக்கவில்லை. "வளர்ந்திருக்கிற மாதிரித் தெரிகிறது, பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அவ்வீட்டில் அன்றிரவு ஒருவரும் உண்ணவில்லை.

மறுநாள் மருத்துவர் அதே தாளைப் பார்த்தார், படங்களையும் பார்த்தார். பிறகு, "நாங்கள் விரும்பியது இந்த நாலரைதான்" என்றார்.

காந்த ஒத்ததிர்வைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த எனக்கு, அந்த ஒத்ததிர்வால் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் பொருள் தெரியவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து. தலைநகரில் படிக்கும் நம்மிடம், "தம்பி, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்" என்று தாளை நீட்டும் தமிழ்ப் பெரியவர்கள் பலர். அவர்களுக்குத் தவறானதைச் சொல்லாமல் இருப்பதற்கேனும் நாம் சில செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கல்லீரலும் இரு நீர்வழிகளும்

நம் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்த மனிதரிடம் அதன் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. பெரும்பாலான உறுப்புகளுக்குக் குருதி தமனி வழியாக மட்டுமே வந்து சேருகிறது. கல்லீரலுக்கோ இரண்டு வழிகள் உண்டு. குடலிலிருந்து உணவுச் சத்துகளை ஏந்தி வரும் வாயிற்சிரை ஒன்று. இதயத்திலிருந்து தூய குருதியைக் கொண்டுவரும் கல்லீரல் தமனி மற்றொன்று. கல்லீரலுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சிரை வழியாகவும், நான்கில் ஒரு பங்கு தமனி வழியாகவும் வருகிறது. ஆற்றுப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் ஒருங்கே பெற்ற வயல் என்று இதனைச் சொல்லலாம்.

மஞ்சட் காமாலையை உண்டாக்கும் பி, சி வைரசுகள், மது, மிகுதியான கொழுப்பு ஆகியவற்றால் பல ஆண்டுகள் துன்புற்ற கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. இந்நிலையைச் சிரோசிஸ் என்பர். இறுகிய கல்லீரலின் உயிரணுக்களில் சில கட்டுக்கு அடங்காது பெருகிப் புற்றுக் கட்டியாகின்றன. இக்கட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. அது ஆற்று நீரை நாடுவதில்லை; கிணற்று நீரையே குடித்து வளர்கிறது. அதாவது, அதன் குருதி பெரும்பாலும் தமனியிலிருந்தே வருகிறது. இந்த ஒரு செய்தியைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டியைக் காட்டிக்கொடுப்பது இதுவே.

சுட்டழிக்கும் முறை

கட்டி சிறியதாயின், அதனை அறுத்து எடுக்காமல் உள்ளேயே அழித்துவிடலாம். பொதுவாக 3 செ.மீ. அளவுக்கு மேற்படாதனவாய், எண்ணிக்கையில் மூன்றுக்கு மேற்படாதனவாய் உள்ள கட்டிகளுக்கு இம்முறை ஏற்றது. மருத்துவர்கள் இதனை அப்ளேஷன் என்பர். தமிழில் சுட்டழிப்பு என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

ஊசியின் நுனியில் வெப்பம் உண்டாக்க இரண்டு முறைகள் பெரிதும் கையாளப்படுகின்றன. முதலாவது, வானொலி அலை அதிர்வெண்ணுள்ள மின்னோட்டம். விநாடிக்கு 4 அல்லது 5 இலட்சம் சுழற்சிகள் கொண்ட இம்மின்னோட்டத்தால் திசுவிலுள்ள அயனிகள் முன்னும் பின்னும் ஆடி, உராய்ந்து, சூடேறுகின்றன. இரண்டாவது, நுண்ணலை. நம் வீட்டுச் சமையற்கட்டிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பின் அதே 2450 மெகாஹெர்ட்ஸ் அலை இங்கும் பயன்படுகிறது. இது நீர் மூலக்கூறுகளைச் சுழற்றிச் சூடேற்றுகிறது.

திசுவின் வெப்பநிலை 60 பாகையைத் தாண்டினால் அதிலுள்ள புரதங்கள் உடனே உறைந்துவிடுகின்றன. வெந்த முட்டையின் வெண்கரு மீண்டும் நீராவதில்லை. அதுபோல வெந்த உயிரணுவும் மீண்டும் பிழைப்பதில்லை. ஆனால் வெப்பநிலை 100 பாகையை மிஞ்சுவதும் நன்றன்று. ஊசியைச் சுற்றியுள்ள திசு கருகிவிட்டால் மின்னோட்டம் தடைப்படும். வெப்பம் அப்பாற் பரவாது.

இம்முறையின் உயிர்நாடி ஓரத்தில் இருக்கிறது. கட்டியின் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பாலும் சில புற்றணுக்கள் ஊடுருவியிருக்கலாம். ஆதலால் கட்டியை மட்டும் சுட்டால் போதாது. அதனைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. அகலத்திற்கு நல்ல கல்லீரலையும் சேர்த்தே சுட வேண்டும். கோரையைக் களைபவன் கிழங்கைச் சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்துத் தோண்டுவது போன்றது இது.

இப்பொழுது என் தவறு எங்கே நேர்ந்தது என்பது விளங்கும். 2.5 செ.மீ. கட்டிக்கு எல்லாப் பக்கமும் 1 செ.மீ. சேர்த்துச் சுட்டால் வெந்த பகுதியின் குறுக்களவு 4.5 செ.மீ. ஆகும். கன அளவிலே கணக்கிட்டால் அது பழைய கட்டியைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு! வெந்த பகுதி வெளியே எடுக்கப்படுவதில்லை, உள்ளேயே இருக்கிறது. படத்தில் அது பெரிதாகத் தெரியாவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

பெரியப்பாவிடம் இதனைச் சொன்னபொழுது அவர் சிரித்தார். "ஊத்தப்பம் வார்க்கிறவனுக்குத் தெரியாதா? நடு எப்பவும் வெந்துடும். ஓரத்தைத்தான் பார்த்துத் திருப்பணும்" என்றார். நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஊசிக்கு அருகில் வெப்பம் மிகுதி. தொலைவு கூடக் கூடக் குறைவு. போதாக்குறைக்கு, கட்டியை ஒட்டிப் பெரிய குருதிக்குழாய் ஓடுமாயின், அக்குருதி வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடும். ஓடும் வாய்க்காலின் கரையிலே மூட்டிய தீயினால் கரை மண் காய்வதில்லை அன்றோ? ஆகவே வேகாத அணுக்கள் எஞ்சுமானால், அவை பெரும்பாலும் விளிம்பிலேதான் எஞ்சும்.

காந்தம் எவ்வாறு காண்கிறது?

வெந்த விளிம்பையும் வேகாத விளிம்பையும் வயிற்றைத் திறவாமலே எப்படி அறிவது? இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது.

நம் உடலில் நீரும் கொழுப்பும் மிகுதி. அவற்றிலுள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு புரோட்டான். ஒவ்வொரு புரோட்டானும் மிகச் சிறிய காந்தம். வலிய காந்தப் புலத்தில் வைத்தால் இவை பம்பரம்போலத் தலைசுற்றி ஆடுகின்றன. அந்த ஆட்டத்தின் வேகம் காந்தத்தின் வலிமையைப் பொறுத்தது. ஒரு டெஸ்லா புலத்தில் அது 42.58 மெகாஹெர்ட்ஸ். மருத்துவமனைகளில் பெரிதும் காணப்படும் 1.5 டெஸ்லா கருவியில் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். அக்காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. எனினும் அதனுள்ளே புலத்தின் திசையில் கூடுதலாக நிற்கும் புரோட்டான்கள் 10 இலட்சத்துக்கு 5 அளவுதான். அந்த ஐந்தின் குரலைக் கேட்டே படம் முழுவதும் எழுதப்படுகிறது.

ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைந்த நேரத்தில் தள்ளினால்தான் அது உயரும். அதுபோலப் புரோட்டான்களின் ஆட்டத்துக்கு ஒத்த அதிர்வெண்ணுள்ள வானொலி அலையைச் செலுத்தினால் அவை அவ்வாற்றலை ஏற்றுக்கொள்கின்றன. இதுவே ஒத்ததிர்வு. அலையை நிறுத்தியதும் அவை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்பொழுது தாமே அலைகளை வெளியிடுகின்றன. அவ்வலைகளைக் கருவி கேட்டுக்கொள்கிறது.

திண்மப் பொருள்களிலும் நீர்மங்களிலும் இவ்விளைவை 1946இல் புளோக், பர்செல் என்னும் இருவர் தனித்தனியே கண்டனர். 1952இல் நோபல் பரிசு பெற்றனர். நம் நாட்டிலும் இத்துறைக்கு ஒரு முன்னோடி உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ந்த சூர்யன் என்பவர், ஓடுகின்ற நீர்மங்களில் அணுக்கரு ஒத்ததிர்வு எவ்வாறு மாறுகிறது என்பதை 1951இலேயே எழுதி வெளியிட்டார். காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றிவைத்தால் எந்தக் குரல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறிந்து படமாக்கலாம் என்பதை லாட்டர்பர் 1973இல் காட்டினார். அவரும் மேன்ஸ்பீல்டும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

கறுப்பும் வெளுப்பும்

புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரங்கள் இரண்டு. தாம் ஏற்ற ஆற்றலைச் சுற்றுப்புறத்துக்குத் திருப்பித்தர ஆகும் நேரத்தை டி1 என்பர். ஒன்றோடொன்று இசைந்து ஆடுவதை மறந்து தாறுமாறாகச் சிதற ஆகும் நேரத்தை டி2 என்பர். டி1 குறைந்த பொருள் டி1 படத்தில் வெளுப்பாகத் தெரியும். டி2 மிகுந்த பொருள் டி2 படத்தில் வெளுப்பாகத் தெரியும்.

உயிருள்ள கட்டியில் நீர்ப்பசை மிகுதி. ஆகவே அது வழக்கமாக டி1 படத்தில் சற்றுக் கறுத்தும், டி2 படத்தில் சற்று வெளுத்தும் காணப்படும். வெந்த பகுதியோ நீரை இழந்தது. உறைந்த புரதமும் சிதைந்த குருதியும் நிறைந்தது. ஆகவே அது பெரும்பாலும் டி1 படத்தில் வெளுத்தும், டி2 படத்தில் கறுத்தும் தோன்றும். ஒன்று மற்றொன்றின் எதிர் நிழல் எனலாம். டி2 படத்தில் கறுத்த பகுதியின் விளிம்பிலே சிறிய வெளுப்புத் திட்டு ஒன்று தெரியுமாயின், மருத்துவரின் கண் அங்கே நிற்கும்.

ஆனால் இதனை மட்டும் கொண்டு தீர்ப்பு உரைத்தல் ஆகாது. வெந்த திசு சில வேளைகளில் உருகி நீராகலாம், பித்தநீர் தேங்கலாம், அழற்சி உண்டாகலாம். இவையும் டி2 படத்தில் வெளுப்பாகவே தெரியும். உறுதியான சான்று வேண்டுமானால் குருதியைத்தான் கேட்க வேண்டும். குருதி ஓடும் இடத்தில் உயிர் உண்டு. வெந்த இடத்தில் குருதி ஓடாது.

ஊசி மருந்தும் கழித்தற் கணக்கும்

குருதியின் ஓட்டத்தைக் காட்டுவதற்குக் கையிலுள்ள சிரை வழியாகக் காண்ட்ராஸ்ட் மருந்து செலுத்துகிறார்கள். இதில் கடோலினியம் என்னும் உலோகம் இருக்கிறது. அதன் அயனியில் இணையற்ற எலக்ட்ரான்கள் ஏழு உள்ளன. அதனால் அது தன்னருகே வரும் நீர்ப் புரோட்டான்களின் டி1 நேரத்தை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. மருந்து சென்ற இடம் வெளுக்கிறது. தனித்த கடோலினியம் நஞ்சு. ஆதலால் வேறொரு மூலக்கூற்றின் பிடிக்குள் அதனை அடக்கியே செலுத்துகிறார்கள். சிறுநீரகம் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு இம்மருந்தைப்பற்றி மருத்துவர் தனியே முடிவு செய்ய வேண்டும்.

மருந்து சென்ற பின் கருவி பல முறை படம் எடுக்கிறது. ஏறக்குறைய அரை நிமிடத்துக்குள் மருந்து தமனி வழியாக வந்து சேர்கிறது. அப்பொழுது கிணற்று நீரை மட்டும் குடிக்கும் கட்டி சட்டென்று வெளுக்கும். சுற்றியுள்ள கல்லீரல் இன்னும் வெளுத்திராது. ஒரு நிமிடம் கடந்ததும் வாயிற்சிரை வழியாக ஆற்று நீர் வந்து பாய்கிறது. கல்லீரல் முழுவதும் வெளுக்கிறது. அதன் பின்னர் சில நிமிடங்களில், கட்டியிலிருந்த மருந்து வெளியேறி, கட்டி சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துவிடுகிறது. முதலில் வெளுத்துப் பின்னர்க் கறுப்பதே இப்புற்றின் கையெழுத்து. சுட்டழித்த பகுதியின் விளிம்பில் சிறு முண்டுபோல இக்கையெழுத்துக் காணப்பட்டால், அங்கே வேகாத கட்டி உண்டு என்று பொருள்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. வெந்த பகுதி மருந்து செலுத்துவதற்கு முன்னரே டி1 படத்தில் வெளுத்திருக்கிறது என்று கண்டோம். சுண்ணாம்பு பூசிய சுவரில் சுண்ணாம்பால் கோடிழுத்தால் கண்ணுக்குத் தெரியுமா? அதற்கு ஒரு நல்ல உபாயம் கண்டிருக்கிறார்கள். மருந்துக்கு முன் எடுத்த படத்தின் எண்களை, மருந்துக்குப் பின் எடுத்த படத்தின் எண்களிலிருந்து புள்ளிக்குப் புள்ளி கழித்துவிடுவதே அது. பழைய வெளுப்பு பழைய வெளுப்போடு கழிந்துபோகும். மருந்தால் வந்த புதிய வெளுப்பு மட்டும் எஞ்சும். எங்கும் எதுவும் எஞ்சாமல் அந்த இடம் கரிய வட்டமாக நின்றால், அது முற்றும் வெந்தது.

இக்கழித்தல் சரியாக வருவதற்கு நோயாளியின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. கல்லீரல் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் நகர்கிறது. ஒரு படத்தில் ஓரிடத்திலும், மறு படத்தில் சில மில்லிமீட்டர் தள்ளியும் அது நின்றால், கழித்த படத்தில் இல்லாத விளிம்பொன்று தோன்றிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் 15 அல்லது 20 விநாடிகள், ஒரே அளவில் மூச்சை அடக்க வேண்டும். கருவிக்குள்ளே, பேரொலிக்கு நடுவே, இந்தியிலோ ஆங்கிலத்திலோ வரும் கட்டளையைத் தமிழ் மட்டும் அறிந்த முதியவர் எப்படிப் புரிந்துகொள்வார்? உடன் செல்லும் மாணவர் முன்கூட்டியே அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்து, மூச்சடக்கப் பழக்கி அனுப்பினால், அதுவே பெரிய உதவி. உடலில் இதயக் கருவியோ உலோகத் துண்டோ இருப்பதை மறக்காமல் சொல்லும்படி நினைவூட்டுதலும் அவ்வாறே.

ஏமாற்றும் தோற்றங்கள்

வெளுத்ததெல்லாம் புற்றன்று. தீப்புண்ணைச் சுற்றித் தோல் சிவந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோலவே வெந்த பகுதியைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று முதல் சில மாதங்களில் வெளுக்கும். அது ஒரே சீரான அகலமும் வழவழப்பான விளிம்பும் உடையது; நாளடைவில் மறைவது. கட்டியின் எச்சமோ ஒரு பக்கத்தில் மட்டும் தடித்து, ஒழுங்கின்றி, முண்டாக இருக்கும், நாளடைவில் மறையாது, வளரும். ஊசி சென்ற வழியில் தமனிக்கும் சிரைக்கும் இடையே சிறு இணைப்பு உண்டாகி, ஆப்பு வடிவில் ஒரு பகுதி வெளுப்பதும் உண்டு. அதுவும் அஞ்சத் தக்கதன்று.

நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நடமாடுகின்றன என்பதை அளக்கும் மற்றொரு படமும் உண்டு. புற்றணுக்கள் நெருங்கிச் செறிந்த இடத்தில் நீரின் நடமாட்டம் குறுகும். ஆனால் வெந்து உறைந்த பகுதியிலும் அது குறுகக்கூடும். ஆகவே இதனைத் தனியே நம்பாமல் மற்றப் படங்களோடு சேர்த்தே படிக்கிறார்கள். நல்ல கல்லீரல் அணுக்கள் மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் ஒருவகைக் காண்ட்ராஸ்ட் மருந்தும் உண்டு. அதனைச் செலுத்தி 20 நிமிடம் கழித்துப் படம் எடுத்தால், வெளுத்த கல்லீரலின் நடுவே வேறிடத்தில் புதிதாய் முளைத்த சிறு கட்டியும் கறுப்பாகக் கண்ணில் படும்.

இவ்வளவு நுட்பங்கள் இருப்பதால் அளவுகோலும் மாறவேண்டியதாயிற்று. முன்பெல்லாம் கட்டியின் முழுக் குறுக்களவைக் கொண்டே சிகிச்சையின் பயனை அளந்தனர். சுட்ட கட்டிக்கு அது பொருந்தாது என்று கண்டு, குருதி ஓடும் உயிருள்ள பகுதியை மட்டும் அளக்கும் விதி 2010இல் வெளியாயிற்று. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017இல் வகுத்து 2024இல் திருத்திய முறையில், சுட்டழித்த கட்டி பொதுவாக மூன்று தலைப்புகளுள் ஒன்றில் அடங்கும்: உயிரில்லை, ஐயம், உயிருண்டு. அறிக்கையில் நாம் முதலில் தேட வேண்டியது இச்சொல்லைத்தான், செண்டிமீட்டரை அன்று.

குறைந்த அளவும் வந்த கவலையும்

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதற் படம் பெரும்பாலும் ஒரு மாதத்தில் எடுக்கப்படுகிறது. அதன் பின்னர் முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுப்பது வழக்கம். வெந்த பகுதியை உடல் மெல்ல மெல்லத் தின்று சுருக்குவதால், படத்துக்குப் படம் அதன் அளவு குறைந்துவர வேண்டும். பெரியப்பாவின் படங்களிலும் அப்படியே குறைந்து வந்தது. நாலரை நாலாயிற்று; பிறகு மூன்றரையும் ஆயிற்று.

பத்தாம் மாதத்தில் அவர் படம் எடுக்க வரமாட்டேன் என்றார். "வலி இல்லை, சுரம் இல்லை. அளவும் குறைஞ்சுகிட்டே வருது. ஒருநாள் கடையை மூடினால் என்ன நஷ்டம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் செண்டிமீட்டரை நம்பி ஒருமுறை ஏமாந்தவன் நான். "பெரியப்பா, ஓரத்தைப் பார்த்துத்தானே திருப்புவீர்கள்?" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்தப் படத்தில் வெந்த பகுதி முன்னிலும் சிறுத்தே இருந்தது. ஆனால் அதன் கீழ் விளிம்பில், ஒரு பெரிய குருதிக்குழாய்க்கு அருகே, 9 மி.மீ. அளவுள்ள முண்டு ஒன்று தமனிக் கட்டத்தில் வெளுத்துப் பின்னர்க் கறுத்தது. கழித்த படத்தில் அது கரிய வட்டத்தின் ஓரத்தில் விளக்குப்போல் நின்றது. சிறியதாக இருந்தமையால் மீண்டும் ஊசியாலேயே சுட முடிந்தது. இரண்டு பருவம் தவறவிட்டிருந்தால் ஊசிக்கு அடங்கியிருக்குமா என்பதை நான் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை.

முதன்முறை அளவு கூடியபொழுது செய்தி நல்லதாக இருந்தது. அடுத்து அளவு குறைந்தபொழுது கவலைக்குரியதாக இருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு பாடத்தை எந்த ஆசிரியரும் எனக்கு நடத்தியதில்லை.

இறுகிய கல்லீரலில் கட்டியை நன்றாகச் சுட்டழித்தாலும் அது விளைந்த நிலம் மாறிவிடுவதில்லை. ஐந்தாண்டுகளுக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி அதே இடத்திலோ வேறிடத்திலோ மீண்டும் தோன்றுகிறது. கட்டி சிறிதாக இருக்கும்வரை கல்லீரல் வலிப்பதில்லை. ஆகவே வலியின்மையைச் சான்றாகக் கொள்ளலாகாது. குறித்த நாளில் படம் எடுத்துக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்று நாம் நம் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

நாம் மருத்துவர்கள் அல்லேம், மொழிபெயர்ப்பவர்களே. தாளில் ஓர் எண்ணைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லிவிடுவது நம் வேலையன்று. "உயிருள்ள பகுதி எஞ்சியிருக்கிறதா? விளிம்பு எப்படி இருக்கிறது? அடுத்த படம் எப்பொழுது?" என்னும் மூன்று கேள்விகளை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் விடையைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாலே போதும்.

பெரியப்பாவின் அண்மைப் படத்தில் வட்டம் முழுவதும் கறுத்திருந்தது. அறிக்கையைப் பெரியம்மா இம்முறையும் என்னிடம்தான் நீட்டினார். நான் அதனை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தேன். பிறகுதான் வாய் திறந்தேன். அன்று மாலை அவ்வீட்டில் ஊத்தப்பம் வார்த்தார்கள்; ஓரமும் நன்றாகவே வெந்திருந்தது.